மலையில் கல்யாணம்: நீலகிரிக்கு வரும் விருந்தினர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகை ஆகிய ஊர்களின் மண்டபங்களிலும், சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பங்களாக்களிலும் திருமணம் நடத்துவது இப்போது பெருகிவிட்டது. அழைப்பிதழ் கைக்கு வந்ததும் சமவெளியிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. குன்னூர்வாசி என்ற முறையில் நான் சொல்லி வரும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

முகூர்த்தம் காலை 6 மணிக்கு. அன்று அதிகாலை கோவையிலிருந்து காரில் கிளம்பினால் நேரத்துக்கு வந்துவிடலாம் அல்லவா?

வந்துவிடலாம் என்று நினைத்துக் கிளம்பியவர்களில் பலர் பந்திக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கோவையிலிருந்து குன்னூர் சுமார் 70 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மலையடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இடைப்பட்ட 34 கிலோமீட்டரில், 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்து உயரத்தை வண்டி ஏறியாக வேண்டும். ஏதேனும் ஒரு வளைவில் ஒரு சரக்கு லாரி பழுதாகி நின்றால், அதற்குப் பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை; சுற்றிக்கொண்டு போவதற்கு அங்கே குறுக்குச் சாலை கிடையாது. விடியலுக்கு முந்தைய நேரத்தில் மூடுபனியும், கல்லாறு, பர்லியாறு பகுதிகளில் யானை நடமாட்டமும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே முந்தைய நாள் மாலை 4 மணிக்குள் மலையேறிவிடும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் கோவை விமான நிலையத்திலிருந்து குன்னூருக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சீசன் நாட்களில் மேலும் ஒரு மணி நேரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் வர இயலாதவர்கள், தாலி கட்டுவதைப் பார்த்தே தீர வேண்டும் என்று இருட்டில் விரைவதைவிட, விடிந்தபின் நிதானமாக ஏறி மதிய விருந்துக்கு வந்து மணமக்களை வாழ்த்துவதே நல்லது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து எந்த வழியில் ஏறுவது?

இரண்டு சாலைகள் இருக்கின்றன. ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கும் அங்கிருந்து உதகைக்கும் செல்வது. மற்றொன்று குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்குச் செல்வது. இதில் கொண்டை ஊசி வளைவுகள் குறைவு, ஆனால் காட்டின் ஊடே நீண்ட தூரம் கடைகளே இல்லாமல் போகும். மண்டபம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ச் சாலையைப் பிடிப்பது இயல்பு. ஆயினும் கோடை சீசனில் போக்குவரத்தை ஒருவழிப் பாதையாக மாற்றி, ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் காவல் துறையினர் திருப்பிவிடுவது வழக்கம். கோத்தகிரித் திருமணத்துக்கு வரும் நீங்கள் அந்நாட்களில் குன்னூரைச் சுற்றிக்கொண்டு வர நேரிடலாம். அதற்கான நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

பெங்களூரு, மைசூரு பக்கமிருந்து வருபவர்கள்?

பந்திப்பூர், முதுமலைப் புலிகள் காப்பகங்களின் ஊடாகச் செல்லும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். அலுவலகம் முடித்து மாலையில் பெங்களூருவிலிருந்து கிளம்புவது என்றால், 9 மணிக்குள் சோதனைச் சாவடியை எட்ட முடியாது. இரவு மைசூருவில் தங்கி, மறுநாள் காலையில் புறப்படுவதே சரி. முதுமலையில் தெப்பக்காட்டை அடைந்ததும் கைப்பேசி வரைபடம் மசினகுடி, கல்லட்டி வழியைக் குறுக்குப் பாதை என்று காட்டும். அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு; ஏற்றமும் மிகச் செங்குத்தானது. இறங்கும் திசையில் வெளியூர் வண்டிகளை அந்தப் பாதையில் அனுமதிப்பதும் இல்லை. வரைபடத்தின் பேச்சைக் கேட்காமல் கூடலூர், நடுவட்டம் வழியாகவே வாருங்கள். நிலம்பூர், நாடுகாணி வழியாகக் கேரளத்திலிருந்து வருபவர்களும் கூடலூரில்தான் இந்தச் சாலையைப் பிடிப்பார்கள்.

இ-பாஸ் எடுத்தே ஆக வேண்டுமா? கல்யாணப் பத்திரிகையைக் காட்டினால் விட மாட்டார்களா?

எடுத்தே ஆக வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. மலைச் சாலைகளும் ஊர்களும் தாங்கும் அளவுக்கு மேல் வண்டிகள் வருகின்றன என்பதே அதன் காரணம். 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்குக் கோடை சீசனில் வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், வார இறுதி நாட்களில் 8,000 வண்டிகள். வரம்பு நிறைந்துவிட்டால் அன்றைய தேதிக்குப் பாஸ் கிடைக்காது. முகூர்த்தங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டியே அமைவதால், சித்திரை, வைகாசியில் திருமணத்துக்கு வருபவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

விண்ணப்பத்தை அரசின் இணையதளத்திலேயே நிரப்பலாம், கட்டணம் இல்லை. கைப்பேசி எண், வண்டி எண், வரும் தேதி, திரும்பும் தேதி, பயணிகளின் எண்ணிக்கை, தங்குமிடம் ஆகியவற்றைக் கேட்பார்கள். தங்குமிடத்தின் முகவரியை அழைத்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்த பாஸைக் கைப்பேசியில் படமாகச் சேமித்துவைப்பதோடு ஒரு பிரதியை அச்சிட்டும் எடுத்து வாருங்கள், ஏனெனில் சாவடியில் நிற்கும்போது இணையம் கிடைக்காமல் போவது உண்டு. வாடகை வண்டியில் வருபவர்கள், பாஸ் யார் எடுப்பது என்பதை ஓட்டுநரிடம் முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும். இருவரும் மற்றவர் எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு கல்லாறு சாவடியில் வந்து நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கடைசி நேரத்தில் வண்டியை மாற்றினால் பழைய எண்ணுக்கு எடுத்த பாஸ் செல்லாது.

இந்த விதிகளில் அவ்வப்போது மாற்றம் வருவதால், புறப்படும் வாரத்தில் ஒருமுறை இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அப்படியானால் அரசுப் பேருந்திலேயே வந்துவிடலாமா?

தாராளமாக வரலாம். இருவர் மூவராக வருபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். கோவையில் மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள புதிய பேருந்து நிலையத்திலிருந்து உதகை, குன்னூர், கோத்தகிரிக்கு நாள் முழுவதும் பேருந்துகள் புறப்படுகின்றன. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி விரைவு ரயில் காலையில் மேட்டுப்பாளையம் வந்து சேரும். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே பேருந்து நிலையம் இருக்கிறது. இந்த மலைச் சாலையில் தினமும் ஓட்டுகிற அரசுப் பேருந்து ஓட்டுநரின் கையில் ஸ்டியரிங் இருப்பது, கடற்கரைச் சாலையில் மட்டுமே ஓட்டிப் பழகிய உங்கள் மைத்துனரின் கையில் இருப்பதைவிடப் பாதுகாப்பானது.

முப்பது, நாற்பது பேராக ஒரே ஊரிலிருந்து வருபவர்கள் பெரிய சொகுசுப் பேருந்தை அமர்த்துவதைத் தவிர்த்து, இரண்டு மூன்று வேன்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் பங்களாக்களுக்கும் கிராமங்களுக்கும் செல்லும் சாலைகளில் பெரிய பேருந்து திரும்ப இடமிருக்காது. அதை முக்கியச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, பட்டுப் புடவையும் சீர்வரிசைத் தட்டுமாக அரை மைல் நடக்க வேண்டியிருக்கும்.

மலை ரயிலில் ஏறித் திருமணத்துக்கு வர ஆசை. முடியுமா?

ஆசை நியாயமானது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899-லும், உதகை வரையிலான நீட்டிப்பு 1908-லும் திறக்கப்பட்டன. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 46 கிலோமீட்டர் பாதையில் 16 சுரங்கங்களும் 250 பாலங்களும் வருகின்றன. கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்கு ஏற்றம் இருப்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தை இன்ஜினின் பற்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறுகிறது. காலை 7 மணி அளவில் மேட்டுப்பாளையத்தில் புறப்படும் வண்டி உதகையை அடைய நண்பகல் ஆகும்.

ஆனால் திருமணத்துக்கு வந்து சேர்வதற்கான வாகனமாக அதை நம்பாதீர்கள். கீழிருந்து மேலே வரும் சேவை மிகக் குறைவு, இடங்களும் குறைவு. முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் சீட்டுகள் தீர்ந்துவிடும். 2024 நவம்பர் முதல் ரயில்வே முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் இடையே மண் சரிந்து, நாட்கணக்கில் சேவை ரத்தாவதும் உண்டு. பெட்டியில் பெரிய சூட்கேஸ்களுக்கு இடமில்லை. எனவே திருமணம் முடிந்த மறுநாள், குன்னூரிலிருந்து உதகை வரை மட்டும் ஒரு பயணம் போய் வாருங்கள். அந்தப் பகுதியில் ஒரு நாளில் பல சேவைகள் உண்டு. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு உதகையை அடையும். கேத்திப் பள்ளத்தாக்கு முழுவதும் சன்னல் வழியே தெரியும். நீராவி இன்ஜினைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே கீழ்ப் பகுதி. மேல் பகுதியில் டீசல் இன்ஜின்தான் இழுக்கிறது.

சொந்தக் காரில், நானே ஓட்டி வருகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மலைச் சாலையில் ஓட்டிய பழக்கம் இருக்கிறதா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காரை மேட்டுப்பாளையத்தில் நிறுத்திவிட்டு வாடகை வண்டியிலோ பேருந்திலோ ஏறிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழக்கம் உள்ளவர்களுக்கும் சில விஷயங்களை நினைவூட்ட வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலையின் முதல் விதி. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கோத்தகிரி இறக்கத்தில் கருகிய வாடை வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை இப்படி இறங்குபவைதான். எரிபொருளை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். மூடுபனியில் விளக்கைத் தாழ்வாக வைத்து ஓட்டுங்கள். உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசச்செய்யும். வளைவில் ஹாரன் அடிப்பது இங்கே மரியாதைக் குறைவு ஆகாது. காட்சி நன்றாக இருக்கிறது என்று வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பொழுது சாய்ந்தபின் ஏறுவதையும் இறங்குவதையும் தவிர்த்துவிடுங்கள்.

வளைவுகளில் வாந்தி வருகிறது. என்ன செய்வது?

முழு வயிறும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெய் ரோஸ்டும் பூரி மசாலாவும் குன்னூரில் இறங்கியபின் காத்திருக்கும். முன் இருக்கையில் உட்கார்ந்து, தொலைவில் சாலையைப் பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள். சன்னலைச் சற்றுத் திறந்துவையுங்கள். எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், காய்ந்த நெல்லிக்காய் ஆகியவற்றில் எது உங்களுக்கு ஒத்துவருமோ அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் ஏற்றம் தொடங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கம் வரும் என்பதால் ஓட்டுபவர் அதைப் போடக் கூடாது. பர்லியாறில் பத்து நிமிடம் இறங்கி நின்றால் தலை தெளியும். பருவத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான், பலா எல்லாம் அங்கே விற்பார்கள். குரங்குகள் அதிகம் என்பதால் கையில் தின்பண்டத்தோடு நடக்காதீர்கள்.

ஏறும்போது காது அடைப்பது காற்றழுத்த மாற்றத்தால் வருவது. எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். கைக்குழந்தைக்கு அந்நேரத்தில் பால் கொடுத்தால் அழுகை அடங்கும்.

எங்கள் திருமணம் இன்ன மாதத்தில். குளிர், மழை எப்படி இருக்கும்?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்பதால் மற்ற மாதங்களைச் சொல்கிறேன்.

தை, மாசியில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். பகலில் இளவெயில், இரவில் கடுங்குளிர். உதகையில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி முழுதும் உறைபனி படியும். வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும். குன்னூரும் கோத்தகிரியும் அவ்வளவு மோசமில்லை. அதிகாலை முகூர்த்தத்துக்கு ஓமகுண்டத்தின் அருகில் உட்காரும் மணமக்களைப் பார்த்து விருந்தினர்கள் பொறாமைப்படும் காலம் இது. ஆனாலும் பயணத்துக்கு இதைவிடச் சிறந்த மாதங்கள் இல்லை என்பது என் கருத்து: சாலை காய்ந்திருக்கும், பொங்கல் விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் கூட்டமும் குறைவு.

சித்திரை, வைகாசியில் தட்பவெப்பம் இனிமையானது, கூட்டம்தான் கொடுமையானது. மே மாதத்தில் உதகை அரசுத் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் கோடை விழாவை ஒட்டி நடைபெறும். திருமணத் தேதி இவற்றோடு மோதுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோதினால் அறை வாடகையும் ஏறும், சாலையும் நெரியும். மாலை வேளையில் இடியுடன் மழை வரக்கூடும்.

ஆனி, ஆவணியில் தென்மேற்குப் பருவமழை. மலையின் மேற்குப் பகுதியான கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி ஆகியவை இதில் அதிகம் நனையும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் அதிகமாக மழை பதிவானது. அதே நேரத்தில் கிழக்குச் சரிவிலுள்ள குன்னூரிலும் கோத்தகிரியிலும் மழை மிகக் குறைவாகவே இருக்கும்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நிலைமை தலைகீழாக மாறும். வடகிழக்குப் பருவமழை நேராக வந்து மோதுவது குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில்தான். 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இம்மாதங்களில் வருபவர்கள் திரும்பும் விமானத்தையோ ரயிலையோ திருமண நாளன்றே பதிவு செய்யாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விடுங்கள். சாலை மூடப்பட்டால் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை நம்புங்கள், வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள்.

என்ன உடுத்துவது? பட்டுப் புடவையின் மேல் ஸ்வெட்டர் போட்டால் நன்றாக இருக்காதே?

பட்டே ஓரளவு கதகதப்புத் தரும் துணி. முழுக்கைப் பட்டு ரவிக்கையும், புடவைக்கு இசைவான நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வையும் இருந்தால் படத்திலும் அழகாக இருக்கும். வேட்டி கட்டும் ஆண்கள் உள்ளே ஒட்டிய வெப்ப உள்ளாடை அணிவதில் தயங்க வேண்டாம், வெளியே தெரியாது. புல்வெளியில் வரவேற்பு என்றால் கூரான குதிகால் செருப்பு மண்ணில் இறங்கிக்கொள்ளும். தட்டையான, வழுக்காத காலணி போதும். குழந்தைகளுக்குக் குல்லாவும் காலுறையும் கட்டாயம். பகல் வெயில் இதமாகத் தோன்றினாலும் இந்த உயரத்தில் தோலைக் கருக்கிவிடும் என்பதால் பகல் நிகழ்ச்சிகளுக்குத் தொப்பியோ குடையோ எடுத்து வாருங்கள்.

மருதாணி பற்றி ஒரு குறிப்பு: குளிரில் மருதாணி சரியாகச் சிவக்காது. கீழேயே வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலும் இங்கே உறைந்துவிடும். வாய் அகன்ற டப்பாவில் கொண்டுவந்தால் விரலால் எடுக்கலாம்.

மண்டபம் குன்னூரில், அறை உதகையில் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம். இடையே சுமார் 18 கிலோமீட்டர்தான், ஆனால் முகூர்த்தத்துக்கு அலங்காரம் செய்துகொண்டு வர வேண்டியவர்கள் அதிகாலை 3 மணிக்கு எழுந்து, உறைபனியில் வண்டியைக் கிளப்பி, இருட்டில் வர வேண்டியிருக்கும். சீசன் மாலைகளில் இதே தூரம் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மண்டபம் இருக்கும் ஊரிலேயே, சற்று எளிய அறையாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அறை பதிவு செய்யும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: காலை 4 மணிக்குச் சுடுநீர் வருமா, அறை வரை வண்டி வருமா அல்லது படிக்கட்டா, இரவில் கூடுதல் கம்பளி தருவார்களா.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கரி அடுப்பையோ தணல் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

எண்பது வயதுப் பாட்டியை அழைத்து வரலாமா?

பொதுவாக வரலாம். இங்கே மிக உயரமான ஊரான உதகையே சுமார் 2,240 மீட்டர்தான். இமயமலைப் பயணங்களில் சொல்லப்படும் உயர நோய் இந்த அளவில் அரிது. ஆனால் ஆஸ்துமா, இதய நோய், மிகை ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். குளிரும் படிக்கட்டும்தான் முதியவர்களை உண்மையில் வாட்டுபவை. மண்டபத்தின் நுழைவிலிருந்து பந்திக்கூடம் வரை எத்தனை படிகள் என்று முன்பே விசாரியுங்கள். மலை ஊர்களில் ஒரே கட்டடம் மூன்று மட்டங்களில் இருப்பது சாதாரணம். வழக்கமான மருந்துகளை இரண்டு நாள் கூடுதலாக எடுத்து வாருங்கள். அவசரத்துக்கு 108, உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், குன்னூர், கோத்தகிரியில் அரசு மருத்துவமனைகளும் உள்ளன.

தண்ணீர் பாட்டில் கொண்டு வரலாமா?

பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டு வராதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களும், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களும் நீலகிரியில் தடை செய்யப்பட்டவை. சாவடிகளில் சோதித்துப் பறிமுதல் செய்வார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் ஒன்று போதும். சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. சீர்வரிசைத் தட்டுகளைப் பளபளக்கும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுவரும் வழக்கத்தையும், தாம்பூலத்துக்குப் பிளாஸ்டிக் பை அச்சிடும் வழக்கத்தையும் மலையேறுமுன் விட்டுவிட வேண்டும். தாம்பூலத்துக்குத் துணி மஞ்சப்பையைவிடப் பொருத்தமானது வேறில்லை.

விருந்தில் ஏதாவது வேறுபாடு உண்டா?

சமையல்காரர் சமவெளியிலிருந்து வந்திருந்தால் முதல் நாள் திணறுவார். உதகை உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் பருப்பும் அரிசியும் வேக நேரம் பிடிக்கும். பந்தி சற்றுத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். இலையில் விழுந்த சாதமும் சாம்பாரும் விரைவில் ஆறிவிடும் என்பதால், பரிமாறும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்காமல் சாப்பிட்டுவிடுவது நல்லது. ஐஸ்கிரீமைக் குழந்தைகளுக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

இரவு வரவேற்பு முடிந்து அறைக்கு நடந்தே போகலாமா?

கூடாது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருட்டியபின் காட்டெருமையும் கரடியும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஊருக்குள் வருவது அன்றாட நிகழ்ச்சி, சிறுத்தையும் உண்டு. ஐந்து நிமிட நடைதானே என்று கிளம்பாதீர்கள், மண்டப வண்டிக்காகக் காத்திருங்கள். காட்டெருமை பகலில் சாதுவாக மேய்ந்துகொண்டிருந்தாலும் அருகில் சென்று தற்படம் எடுக்க வேண்டாம். மிஞ்சிய உணவை வெளியே கொட்டினால் கரடி மறுநாளும் அதே இடத்துக்கு வரும். அந்தத் தொல்லையை அனுபவிப்பவர்கள் நீங்கள் போனபின் இங்கேயே இருப்பவர்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற சட்டம் இங்கும் உண்டு. காட்டோர மண்டபங்களில் வெடி வெடிக்காதீர்கள்.

படகர் வீட்டுத் திருமணத்துக்கு அழைத்திருக்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

படகர்கள் நீலகிரியில் வாழும் ஒரு சமூகத்தினர்; அவர்களின் கிராமம் ஹட்டி எனப்படும். மரபுப்படி திருமணம் மணமகன் வீட்டில், ஊர் முழுவதும் கூடி நடைபெறும். மரபான உடையில் வெண்மையே மேலோங்கியிருக்கும் என்பதால், கண்ணைப் பறிக்கும் நிறங்களைவிட வெளிர் நிற உடை சபைக்கு ஒத்துப்போகும். கட்டாயம் ஒன்றும் இல்லை. இளையவர்கள் பெரியவர்களுக்குத் தலை தாழ்த்துவதும், பெரியவர்கள் தலையைத் தொட்டு வாழ்த்துவதும் அவர்களின் வணக்க முறை. உங்கள் முன்னால் ஒரு பெரியவர் கையை நீட்டினால் கைகுலுக்க முயலாமல் தலை குனியுங்கள். இசை தொடங்கியதும் வட்டமாக நின்று ஆடுவார்கள். விருந்தினரையும் இழுத்துக்கொள்வார்கள், அடி பழகுவது எளிது. ஹட்டிச் சாலைகள் குறுகலானவை, ஆகவே வண்டியை அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள்.

மணமக்களைப் படம் எடுக்க நல்ல இடம்?

தேயிலைத் தோட்டம் பொது இடம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிமையாளர் உண்டு. அனுமதி கேட்டுவிட்டு இறங்குங்கள். காப்புக்காட்டுக்குள் வனத் துறையின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. வெலிங்டன் ராணுவப் பகுதியிலும் அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை அருகிலும் ட்ரோனைப் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளில் ஆட்களையும் கோயிலையும் கேட்காமல் படம் எடுப்பது அநாகரிகம்.

ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் சாலையைத்தான் பார்ப்பீர்கள். தங்கியிருக்கும் ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குன்னூரில் 1874-ல் உருவான சிம்ஸ் பூங்காவும், டால்பின் மூக்குக் காட்சிமுனையும் ஒரு நாளுக்குப் போதும். கோத்தகிரியில் கோடநாடு காட்சிமுனைக்குக் காலையில் சென்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரியும்; பிற்பகலில் மேகம் மறைத்துவிடும். கன்னேரிமுக்கில், கோவை ஆட்சியராக இருந்த ஆங்கிலேயர் ஜான் சல்லிவன் வாழ்ந்த பங்களா, நவீன நீலகிரியின் கதையை அறிய விரும்புபவர்களுக்கானது. உதகையில் தாவரவியல் பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரச் சிகரம்தான் என்றாலும், மூடுபனி நாளில் வெள்ளைத் திரையைத் தவிர எதுவும் தெரியாது.

என்ன வாங்கிச் செல்லலாம்?

நீலகிரித் தேயிலை, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மொறுமொறுப்பான தின்பண்டமான ஊட்டி வர்க்கி, யூகலிப்டஸ் தைலம். தோடர் பெண்கள் கையால் பின்னும் சிவப்பும் கறுப்புமான பூ வேலைச் சால்வைக்கும் புவிசார் குறியீடு உண்டு. விலை அதிகமாகத் தோன்றினால், ஒரு சால்வைக்கு எத்தனை வாரம் பிடிக்கிறது என்று விற்பவரிடமே கேட்டுப் பாருங்கள்.

முகூர்த்தம் முடிந்து அன்றே இறங்கலாமா?

மதிய விருந்து முடிந்து 2 மணிக்குள் கிளம்பினால் இறங்கலாம். விருந்து உண்ட மயக்கத்தில் ஓட்டுநர் இருந்தால் ஒரு மணி நேரம் தூங்கவிட்டுப் புறப்படுங்கள். கோவையில் இரவு விமானமோ ரயிலோ பிடிப்பவர்கள், புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் முன்பே மலையை விட்டு இறங்கத் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சுற்றுலா வண்டிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் இறங்குவதால் மேட்டுப்பாளையம் நகரைக் கடப்பதற்கே ஒரு மணி நேரம் ஆகக்கூடும். மைசூரு திசையில் போகிறவர்கள் இரவு 9 மணிச் சாவடியை நினைவில் வைத்து, மாலை 5 மணிக்குள் உதகையைத் தாண்டிவிடுங்கள்.